தேயாத டூல்

பழவேற்காடு கடைத்தெருவில் லேத் பட்டறை நடத்தும் அர்ஃபாவுக்கு ஊரில் நல்ல பேர். கூடவே கொஞ்சம் கேலியும் உண்டு. இருக்காதா பின்னே? பட்டறை ஆணியில் ஒரு பட்டுப் பை தொங்கும். அதற்குள் லேத்தில் மாட்டிக் கடையும் ஒரே ஒரு டூல். தொடவும் மாட்டாள், தொட விடவும் மாட்டாள்.

சவூதியில் தம்மாமுக்கு வேலைக்குக் கிளம்பியபோது அவள் கணவன் பாசித் தன் கையால் தீட்டிக் கொடுத்தது அது. பித்தளை கடைவதற்கென்று மேல்பக்கத்தைத் தட்டையாக விட்டுத் தீட்டியிருந்தான். "இது தேஞ்சு முடியறதுக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். அப்புறம் எத்தனை பெருநாள் போய்விட்டது! அவனில்லாமல் பெருநாள் பிரியாணிகூட அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. டூல் தேய்ந்தும் அவன் வராவிட்டால் சொன்ன சொல் பொய்யாகிவிடுமே என்ற பயம். அதனால்தான் பையில் போட்டு மூடினாள். பைத்தியக்காரி என்றால் சொல்லிவிட்டுப் போங்கள்.

அன்று காலை ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்திலிருந்து, மீன்பிடிக்கும் ஜெயம்மா வந்து நின்றாள். படகு எஞ்சின் தண்டைச் சுற்றிப் போடும் பித்தளை வளையம், அந்த புஷ் தேய்ந்துவிட்டதாம்.

"நாளைக்கு எங்க பாடு, அர்ஃபா. உட்டா போச்சு."

ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட்டுவிட முடியாது. ஆளுக்கொரு முறை, அதுதான் பாடு. முறை நாளைத் தவற விட்டால் அடுத்த முறை வரும்வரை கையைப் பிசைய வேண்டியதுதான்.

அர்ஃபா இரும்பு கடையும் டூலை மாட்டினாள். மேல்பக்கம் சரிவாகத் தீட்டிய டூல் பித்தளையைக் கடித்து இழுக்கும். தெரிந்தேதான் மாட்டினாள், பிடிவாதம்! மெல்ல நகர்த்தியும் அது வெடுக்கென்று கடித்தது. பித்தளை பிடுங்கிக்கொண்டு தரையில் உருண்டது, டூலும் முனை உடைந்தது. மற்ற டூல்களெல்லாம் தீட்டித் தீட்டிக் கட்டையாகிவிட்டன. புதிது வாங்கச் சென்னை பாரிஸ் கார்னர் வரை போய்வந்தால் பொழுது சாய்ந்துவிடும்.

"பையில கீறது பித்தளை டூல்தானே? எடு மே."

"வேணாங்க்கா. அது தேயறதுக்குள்ள வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

ஜெயம்மா இடுப்பில் கை வைத்தாள். "இன்னா பேச்சு பேசறே? அது தேயாம நீ பொத்தி வச்சுக்கினா, அவனுக்கு இன்னா அவசரம்? எதுக்கு வருவான்?"

அர்ஃபாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் தானே அவனை வர விடாமல் வைத்திருந்தோமோ!

பையை அவிழ்த்தாள். அவன் தீட்டிய கோடுகள் அப்படியே இருந்தன. விரலால் தடவியபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மாட்டினாள். மிச்சமிருந்த துண்டிலிருந்து பித்தளை மஞ்சள் பொடியாக, சத்தமில்லாமல் உதிர்ந்தது. புஷ்ஷை வாங்கிக்கொண்டு ஜெயம்மா படகுத்துறைக்கு ஓடினாள்.

அர்ஃபா சாணைக்கல்லைச் சுற்ற விட்டு, போனை எதிரே நிறுத்தி வீடியோ கால் போட்டாள். பாசித்தின் முகம் வந்ததும் டூலைக் கல்லில் வைத்து அழுத்தினாள். பொறி பறந்தது.

"ஏய், இன்னா பண்றே? அது இன்னும் மழுங்கவே இல்லையே!"

"மழுங்கலதான்," என்றாள் அர்ஃபா, கையை எடுக்காமல். "தேய்க்கிறேன். நல்லாப் பாத்துக்குங்க. சீக்கிரம் கிளம்புங்க."