அரை முறை பாக்கி

இந்த ஊரில் சும்மா வேலை செய்வதற்கும் நேர்முகத் தேர்வு உண்டு. வின்னிபெக்கில் எங்கள் குடியிருப்புக்கு இரண்டு தெரு தள்ளி, இல்லாதவர்களுக்கு மளிகைப் பொருள் கொடுக்கும் உணவு வங்கி ஒன்று இருக்கிறது. சனிக்கிழமைதோறும் வந்து உருளைக்கிழங்கு பொறுக்கிப் பையில் போடுகிறேன் என்றேன். போலீஸ் நற்சான்று கேட்டார்கள். என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். சம்பளம் வாங்கும் வேலையில்கூட என்னிடம் இத்தனை கேட்கவில்லை. உதவ வருகிறவள் மேல் இவ்வளவு சந்தேகமா என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அவர்கள் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. நான் உருளைக்கிழங்குக்காகப் போகவில்லை.

எம்.பி.ஏ.வுக்காகப் போனேன். ஆறு வருடமாக ஒரு சரக்குக் கிடங்கில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். எனக்குக் கீழே இருந்த இரண்டு பேர் எனக்கு மேலே போய்விட்டார்கள். கேட்டால் படிப்பு என்கிறார்கள். பிசினஸ் ஸ்கூலில் சேரவோ மதிப்பெண்ணும் அனுபவமும் மட்டும் போதாது, ஊருக்கு என்ன செய்தாய் என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. அதனால் உருளைக்கிழங்கு மேஜையைச் சுற்றி நிற்கிற எல்லோரையும் நான் ஒரு மாதிரிதான் பார்ப்பேன். இந்தப் பெண் மருத்துவக் கல்லூரிக்காக வந்திருப்பாள், அந்தக் கண்ணாடிக்காரர் கோர்ட்டு உத்தரவால் வந்திருப்பார் என்று மனது கணக்குப் போடும். தொண்டர்களைக் கவனிக்கும் ஜோன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு மட்டும் ஒரு காரணமும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

என் விண்ணப்பக் கட்டுரையைப் படித்துத் திருத்தித் தருவதாக ஜோனே சொன்னார். உருளைக்கிழங்கை எல்லோரும் எழுதுவார்கள், சொந்த ஊரில் எதையாவது முன்னின்று நடத்தியிருக்கிறாயா என்று கேட்டார். எனக்குக் கண்மாய் ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர் பொட்டிப்புரத்துக்குப் பக்கம். மழைக்கு முன்னால், மலையிலிருந்து கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்துக்காலை ஊரே சேர்ந்து வெட்டிச் சுத்தம் செய்யும். வீட்டுக்கு ஓர் ஆள், ஒரு நாள். அதற்கு முறை என்று பெயர். மூன்று வருடத்துக்கு முன்பு விடுமுறையில் போயிருந்தபோது அப்பாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால் நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று சொல்ல ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் ஆரம்பித்துக் கொடுத்தேன்.

"இதைச் செய்யச் சொல்லி உன்னை யார் கேட்டார்கள்?" என்றார் ஜோன்.

"யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஆள் போகாவிட்டால் எங்கள் வயலுக்குத் தண்ணீர் கடைசியில்தான் வரும்."

ஜோனின் முகம் மலர்ந்துவிட்டது. தண்ணீர் உரிமைக்காக ஒரு பெண் ஊரைத் திரட்டினாள் என்று அவர் புரிந்துகொண்டார். திருத்த வேண்டியவள் நான். அவர் புரிந்துகொண்டபடியே கட்டுரையை எழுதினேன்.

அடுத்து, அதை உறுதிசெய்ய ஊரிலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்று விண்ணப்பத்தில் இருந்தது. கண்மாய்ச் சங்கத்துக்கு என் தாய்மாமாதான் தலைவர். ஆங்கிலத்தில் நானே எழுதி அனுப்பிவிட்டு, ஒரு காலையில் வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். மாமா டீக்கடையில் இருந்தார், பின்னால் நாலைந்து தலைகள்.

"எதுக்குத்தா கையெழுத்து?" என்றார் மாமா.

மலைக்குள் ஏதோ ஆய்வகம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பிய நாளிலிருந்து, இங்கிலீஷ் தாளைக் கண்டாலே எங்கள் பக்கம் உஷாராகிவிடும். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "என்ன எழுதியிருக்குன்னு படிக்கச் சொல்லுங்கப்பா. போட்டுட்டு நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

தமிழில் படித்துக் காட்டினேன். என் முன்முயற்சியால் ஊர் மக்கள் ஒன்றுதிரண்டு, கேட்பாரற்றுக் கிடந்த கால்வாயைத் தூர்வாரினார்கள் என்று.

"கேப்பாரத்துக் கெடந்துச்சா? எங்கப்பன் காலத்துல இருந்து வருசா வருசம் வெட்டுறோம்."

"லெட்டர்ல அப்படித்தான் எழுதுவாக மாமா."

"அன்னைக்கு நீ வந்தது உங்கப்பன் முறைக்குத்தானத்தா? அதுலயும் உள்ளங்கை கொப்பளிச்சிருச்சுன்னு மத்தியானமே வீட்டுக்குப் போயிட்ட. மிச்சத்தப் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாதான் பார்த்துச்சு." பின்னால் இருந்த தலைகள் சிரித்தன. "சங்கத்து சீல்ல பொய் குத்த முடியாதுத்தா. வேணும்னா நடந்தத எழுதித் தாரேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. நான் கனடா வந்ததும் மாமா மகன் கோயம்புத்தூரோடு நின்றுபோனதும் மாமாவுக்கு உறுத்துகிறதோ என்று இரண்டு நாள் அவரைச் சந்தேகப்பட்டேன். அப்படி நினைத்தது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. மூன்றாம் நாள் அவர் கையால் எழுதிய கடிதம் வாட்ஸ்அப்பில் வந்தது. 'மேற்படியார் தன் வீட்டு முறைக்கு வந்தார். மத்தியானம் வரை வேலை செய்தார். அவர் ஆரம்பித்த குரூப் இன்றும் உபயோகத்தில் உள்ளது. அரை முறை பாக்கி.' கீழே சங்கத்தின் சீல்.

நடந்ததையும் சொல்லி, கடிதத்தை மொழிபெயர்த்து, தலையைக் குனிந்துகொண்டு ஜோனிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "இதையே அனுப்பு. இந்த நேர்மை அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். கூட்டத்தில் உன்னைத் தனியாகக் காட்டும்" என்றார். உண்மையும் விண்ணப்பத்துக்கு உதவும் என்றால், நான் எதற்காக உண்மை பேசுகிறேன் என்று எனக்கே எப்படித் தெரியும்? கட்டுரையையும் மாற்றி எழுதி, இரண்டையும் அனுப்பினேன். மனம் திருந்தி அனுப்பினேனா, சீட்டுக்காக அனுப்பினேனா என்று கேட்காதீர்கள். என்னை நீங்கள் சந்தேகப்படலாம். நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

போன வாரம் பதில் வந்தது. நேர்காணலுக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மாமாவின் கடிதத்தை ரசித்தோம், அந்த அரை நாளைப் பற்றிப் பேச ஆவலாக இருக்கிறோம் என்று ஒரு வரி வேறு. அடுத்த மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை.

நேற்று சனிக்கிழமை. உருளைக்கிழங்கு மேஜையில் நிற்கும்போது ஊர்க் குரூப்பில் பாண்டியம்மா அக்காவின் குரல் பதிவு வந்தது. "ஏத்தா, வார மாசம் ரெண்டாவது செவ்வாக்கெழம வரத்துக்கால் வெட்டுறோம். ஒன் அரை முறை நிக்கிது. வாரியா, இல்ல இந்த வட்டமும் நானே பார்த்துக்கிறவா?"

கேலியா, குத்தலா, உண்மையாகவே கூப்பிட்டாரா என்று மூன்று தடவை போட்டுக் கேட்டேன். பின்னணியில் யாரோ மண்வெட்டிக்கு ஆப்பு அடிக்கிற சத்தம் கேட்டது. நான் இந்த மேஜைக்கு வராவிட்டால் அந்த இடத்தில் வேறு யாராவது நிற்பார்கள், ஜோன் அன்பாக ஒரு மெயில் அனுப்புவார். அங்கே அக்கா தன் முறையை முடித்துவிட்டு, எனக்காக இரண்டாம் தடவை குனிய வேண்டும். 'வாரேன்க்கா' என்று அடித்தேன். அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை. அதைத் திரையில் அப்படியே வைத்துக்கொண்டு, தொண்டர்கள் வந்து போகும் நேரம் குறிக்க ஜோன் நீட்டிய தாளில் என் பெயருக்கு நேரே வெளியேறிய நேரத்தை எழுதினேன்.