கரிச்சானுக்குக் காத்திருந்த மணி

எங்கள் ஊருக்கு விடியலைச் சொல்கிற வேலை கரிச்சான் குருவியுடையது. அதைக் கேட்டு ஊரை எழுப்புகிற வேலை அப்பாவுடையது. எம்.ரெட்டியபட்டியிலிருந்து திருச்சுழிக்குப் போகிற வழியில் ஒதுங்கிக் கிடந்த சின்னக் கிறிஸ்தவக் குடியிருப்பு. ஓடு வேய்ந்த கோயில், வெளியே இரண்டு கல்தூண்களுக்கு நடுவே மணி. கோயிலுக்குப் பின்னால் நின்ற பனையில் கரிச்சான் முதல் குரல் கொடுத்ததும் அப்பா கயிற்றை இழுப்பார். இருட்டு மிச்சமிருக்கும்போதே பெண்கள் பருத்திக் காட்டுக்குக் கிளம்பிவிடுவோம். பனியீரம் காய்ந்துவிட்டால் சருகு நொறுங்கிப் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைப் பொறுக்கி எடுப்பதற்குள் கண் போய்விடும்.

கரிச்சான் ஒன்றும் பெரிய பாட்டுக்காரக் குருவியில்லை. கன்னங்கரேலென்று, பிளந்த வாலோடு, எருமை முதுகில் ஏறிச் சவாரி வரும். பருந்தையே விரட்டுகிற திமிர் அதற்கு. விடிகாலையில் அது கூப்பிடுவது எண்ணெய் காணாத கிணற்று உருளை சுற்றுவது மாதிரி இருக்கும். ஆனாலும் அதன்மேல் எங்களுக்கு மரியாதை. உட்கார்ந்து புழு பிடிக்கட்டுமென்று பருத்திக்கு நடுவே கவைக்குச்சிகள் ஊன்றி வைப்போம்.

எண்பதுகளில் பருத்திக்குப் பூச்சிமருந்தடிப்பு கூடியது. புழு சாகவில்லையென்று அடித்ததற்கு மேலேயே அடித்தார்கள். அடிக்காதவனைக் கிறுக்கன் என்றார்கள். அப்பாவும் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு அடித்தார். நான் சிறுமியாக இருந்தபோது ஒரு மரத்தில் தொடங்கிய குரலை அடுத்த மரம் வாங்கி, அதற்கடுத்த மரத்துக்குக் கொடுக்கும். பாவாடை தாவணி கட்டிய வயதில் கோயில் பனையில் மட்டும்தான் கேட்டது. காட்டில் கவைக்குச்சிகள் உட்கார ஆளில்லாமல் வரிசையாக நின்றன. செத்த கரிச்சானைக் கண்டதாக ஊரில் ஒருவர்கூடச் சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயம். செத்தால் உடம்பு கிடக்கவேண்டுமே? இவை சொல்லாமல் கொள்ளாமல் வராமல் போய்விட்டன.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பருத்தியெடுப்புக் காலம். விழிப்பு வந்து பாயில் படுத்திருந்தேன். ஓட்டுச் சந்தில் வெளிச்சம் தெரிந்தது. நிலா என்று நினைத்தேன். மணியடிக்கவில்லை, அப்புறம் எப்படி விடிந்திருக்கும்? ஆடுகள் விடாமல் கத்தின. அம்மாவும் விழித்துத்தான் கிடந்தாள். “நரி கிரி வந்திருச்சோ?” என்றாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. தெருவில் வாளிச் சத்தமில்லை, இருமலில்லை. வீட்டுக்கு வீடு இப்படியே கண்ணைத் திறந்துகொண்டு மணிக்காகப் படுத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. வெளிச்சம் மஞ்சளாகி என் கைமேல் விழுந்தது. சுட்டது. நிலா சுடாது.

அம்மா கதவைத் திறந்தாள். தெரு முழுக்க வெயில், ஆளே இல்லை. கோயிலுக்கு ஓடினோம். அப்பா கல்தூணில் சாய்ந்து, மணிக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, பனையைப் பார்த்தபடி நின்றார். முகத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

“என்னங்க, மணியடிக்கலையா?” என்றாள் அம்மா.

“இரு, இன்னும் கூப்பிடலையே.”

அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தேன். அவர் மெல்லத் திரும்பி எங்களைப் பார்த்தார், தரையில் விழுந்த தன் நிழலைப் பார்த்தார். “அப்ப என் காது போயிருச்சு” என்றார்.

ஊரும் அதையே நம்பியது. “மணியடிக்கிறவுக காதுல மொதல்ல ஒரு மணியடிக்கணும்” என்று பெண்கள் கேலி செய்தார்கள். குருவியை அப்பா கேட்பார், மணியை ஊர் கேட்கும். அப்படிப் பழகிய ஊரில் குருவி இருக்கிறதா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அம்மா பூண்டு தட்டிப்போட்டு நல்லெண்ணெய் காய்ச்சிக் காதில் விட்டாள். அருப்புக்கோட்டை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் பின்னால் நின்று முணுமுணுத்ததையெல்லாம் அப்பா அப்படியே திருப்பிச் சொன்னார். காதில் ஒரு குறையுமில்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டார். பஸ்ஸில் வரும்போது அப்பா, “அவருக்கு மனுசக் குரலத்தான் சோதிக்கத் தெரியும்” என்றார். கோயிலுக்கு டைம்பீஸ் வாங்கி வைத்தார்கள். அதைப் பார்த்து நீங்களே அடியுங்கள் என்று எவ்வளவோ சொன்னார்கள். “செவிடன் அடிக்கிறது மொறையில்ல” என்று கயிற்றைக் கொடுத்துவிட்டார். பிறந்ததிலிருந்து என்னை எழுப்பிய கை அது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

மறுநாள் விடியுமுன், வழக்கம்போலப் பனையடிக்குப் போயிருந்த அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வானம் சாம்பலாகி, வெளுத்து, சிவந்தது. இவ்வளவும் ஒரு சத்தமுமில்லாமல் நடந்தது. யாருக்கும் தெரியாமல் யாரோ ஒரு வீட்டுக்குள் நுழைவது மாதிரி இருந்தது. அப்பாவின் சட்டையில் முந்தின நாள் அடித்த மருந்து வாடை.

“எனக்கும் கேக்கலப்பா” என்று காதோரம் மெதுவாகச் சொன்னேன். “ஒங்க காது நல்லாத்தான் இருக்கு. குருவிதான் இல்ல.”

அவர் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்படிச் சொல்லாத தாயி” என்றார். “கொறை காதுலன்னா என்னோட போயிரும்.”

அதன்பிறகு அப்பா செவிடாகவே வாழ்ந்தார். ஊரார் அவரிடம் கத்திப் பேசினார்கள். கடைசிவரைக்கும் நானும் கத்தித்தான் பேசினேன். உண்மையை அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. கல்யாணமாகிப் போன பிறகும் ஊருக்கு வரும்போதெல்லாம் விடியுமுன் அவரோடு பனையடியில் உட்காருவேன். கையைக் காதோரம் குவித்துக்கொண்டு, “கூப்பிடுதா?” என்று கேட்பார். ஆமென்று தலையாட்டுவேன்.

“எனக்குத்தான் கேக்கல” என்பார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி வரும்.