இன்னும் வந்து சேராத மூன்று நீள சைக்கிள்கள்

எங்கள் அண்ணன் எடப்பாடிக்குப் பக்கத்தில், தறி ஓட்டும் குடும்பத்தில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அப்பா படுக்கையில் விழுந்ததும் ஐந்தாம் வகுப்போடு நின்று, சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் நின்றதால் நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ வரை போன முதல் ஆள் நான். அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருக்கும் நீங்கள் இந்த நோட்டீஸைக் கடைசி வரை படித்துவிட வேண்டும் என்று கும்பிட்டுக் கேட்கிறேன்.

சொந்தக் கடை போட்ட பிறகு அண்ணன் நீள சைக்கிள் செய்தார். பழைய சைக்கிளின் பின்சக்கரத்தை ஒரு முழம் தள்ளி வைத்து, இடையில் பைப் கொடுத்து வெல்டிங் செய்வார். மேலே நீளப் பலகை. நூல் மூட்டைகள் அசையாமல் உட்காரும், பிள்ளைகளும் உட்காருவார்கள்.

“ஏனுங்க, இதுக்குக் கண்டக்டர் வேணுமுங்களா?” என்று டீக்கடையில் ஒருவர் கேலி செய்தார்.

“நீங்க வாங்க, விசில் நான் வாங்கித் தாரேன்” என்றார் அண்ணன்.

வண்டி கைமாறும்போது பூஜை போட்டு, எலுமிச்சை மிளகாய் கோத்த திருஷ்டிக் கயிறு கட்டுவார். அது தொங்கி ஆடிச் சக்கரக் கம்பியில் சிக்கியதால், சேர்த்த பைப்பில் ஒரு துளை போட்டு இறுக்கிக் கட்டத் தொடங்கினார். எல்லா வண்டிக்கும் அப்படித்தான். மெக்கானிக்கல் படித்த நானும் அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன வருஷம் ஒரு பெரிய கம்பெனி அதே மாதிரி நீள சைக்கிள் இறக்கியது. சேலத்துக்குப் போய்ப் பார்த்தோம். அண்ணன் பலகையைத் தடவி, “பாரு சாமி, நம்ம வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சு நிறுத்தியிருக்காங்க” என்று பூரித்துப்போனார். கூட இருந்த சிறு புத்தகத்தை நான் பெருமையாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பைப்பில் எங்கும் துளை போடக் கூடாது, போட்டால் அங்கிருந்துதான் விரிசல் விடும் என்ற இடம் வந்தது. அண்ணனின் கை பலகையிலேயே நின்றுவிட்டது.

ஊருக்கு வந்ததும் எங்கள் வீட்டு வண்டியைப் பார்த்தார். கயிற்றை அறுத்தார். துளையின் ஓரத்தில் தலைமுடி போல ஒரு கோடு.

அன்று முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. எழுதி வைக்கும் பழக்கம் இல்லாதவர். யார் யாருக்குக் கொடுத்தார் என்று நினைவிலிருந்தே சொல்லச் சொல்ல, நான் தேடிப் போனேன். வந்த வண்டிகளின் பைப்பை வெட்டி எடுத்துப் புதிது வைத்தார். பலவற்றில் அதே கோடு இருந்தது. மஞ்சள் காமாலையில் படுத்த பிறகும், “அந்தத் தம்மம்பட்டிக்காரரு வந்தாரா சாமி?” என்பார். “மொதல்ல மருந்தக் குடிங்க” என்று அண்ணி அழுவார். “ரெண்டு பொம்பளப் புள்ளைகள ஒக்கார வெச்சுப் பள்ளிக்கூடம் கூட்டிப் போறேன்னாரு. மலையடி ரோடு, இறக்கம்” என்பார் அண்ணன். கடைசியாக அவர் பேசியதும் அதுதான்.

மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்த பங்காளிகளுக்கும், தறியை நிறுத்திவிட்டு வந்து பாடை தூக்கியவர்களுக்கும், சொன்ன உடனே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மூன்று வண்டிகள் இன்னும் வரவில்லை. ஒன்று தம்மம்பட்டி, நீல பெயிண்ட், பலகைமேல் பச்சை ரெக்சின் மெத்தை; ஆளின் பெயர் தெரியாததால் அங்கே போய்த் தேடியும் கிடைக்கவில்லை. மற்ற இரண்டும் சந்தையில் கைமாறி எங்கே ஓடுகின்றன என்று தெரியவில்லை. ரோட்டில் யாராவது சடாரென்று பிரேக் போட்டால் கடையைவிட்டு ஓடி வந்து பார்க்கிறேன். அந்தப் பிள்ளைகளின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

எங்காவது நீள சைக்கிளைப் பார்த்தால், கயிற்றை அவிழ்த்துத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிள்ளைகளை இறக்கிவிடச் சொல்லுங்கள். கடை திறந்திருக்கிறது, பைப்பை நான் மாற்றித் தருகிறேன். எவ்வளவு தூரமானாலும் வண்டியைத் தள்ளிக்கொண்டே வரச் சொல்லுங்கள். ஏறி வர வேண்டாம்.