நான் நிறுத்திய மெஷின்

ஆவணப்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்வது என் தொழில். கொரோனா இரண்டாம் அலையின்போது, கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலைத் தொழிலாளி ஒருவரைப் படம்பிடிக்க அவர் வீட்டுக்குப் போனோம். நோயில் நுரையீரல் கெட்டு, ஆக்சிஜன் மெஷினோடு கட்டிலில் கிடந்தார்.

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்துவோம். அந்த இரைச்சல் பேச்சில் கலந்துவிடும். அந்த மெஷினும் எனக்கு இன்னொரு இரைச்சலாகத்தான் கேட்டது. "ரெண்டே நிமிஷம் அண்ணே" என்றேன். அவர் தலையாட்டினார். நிறுத்தினேன்.

பேசப் பேச வார்த்தை நின்று, வெறும் மூச்சு மட்டும் இழுத்தது. ஹெட்போனில் அவ்வளவு துல்லியமாகக் கேட்டது. "கட் பண்ணாத, பிரமாதமா வருது" என்றார் இயக்குநர். நானும் மைக்கை இன்னும் கிட்டே நீட்டினேன்.

டீ கொண்டுவந்த அவர் மனைவி, தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஸ்விட்சைத் தட்டினார்.

"ஊட்டுக்குள்ள வுட்டதுக்கு ஆளையே சாவடிக்கிறீங்களாடா?"

நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். மூச்சு திரும்பியதும் என்னிடம் கேட்டார்: "சவுண்டு நல்லா வந்துச்சா சார்?"

இப்போது எந்த வீட்டிலும் எதையும் நான் நிறுத்துவதில்லை. இரைச்சல் கூடாது என்பவர்களிடம், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன். போன வாரமும் ஒரு இயக்குநரிடம் அப்படித்தான் சொன்னேன்.

அவர் முகம் சுளித்தார். "இன்னாப்பா இது? அந்தப் படத்துல மூச்சு சவுண்டு எடுத்த ஆளுன்னுதான உன்னக் கூப்ட்டேன்?"