பதினோரு டிக்

பெரியப்பா பஸ் கண்டக்டர். அக்கா எந்தெந்த இன்ஜினியரிங் காலேஜுக்குப் போட வேண்டும் என்று அவர்தான் முடிவு செய்தார். அப்பா, அண்ணன் பேச்சைத் தாண்ட மாட்டார்.

ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, ஒரு பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதினார். ஒரே பஸ்ஸில் போகிற காலேஜ் முதலில். ரெண்டு பஸ் மாறுவது அடுத்து. அதற்கப்புறம் மெட்ரோ. மொத்தம் பதினொன்று.

அக்கா கேட்டது மைசூர் காலேஜ். அவள் ரேங்க்குக்கு அது கிடைக்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். பெரியப்பா அதைக் கடைசியில் எழுதினார்.

"ஆசப்பட்டுட்டா, கெடக்கட்டும்" என்றார் அம்மாவிடம். "பொண்ண ஹாஸ்டல்ல விட்டுட்டு நமக்குத் தூக்கம் வருமா?"

"உங்களுக்கு டூட்டிலயே வருமே" என்றாள் அக்கா.

அம்மா அவள் வாயிலேயே ஒன்று போட்டாள்.

பட்டியலில் மேலே இருப்பதைத்தான் முதலில் பார்த்து சீட் கொடுப்பார்கள். இது பெரியப்பாவுக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. நான் அஞ்சாவது படித்தேன்.

மறுநாள் அவருக்கு டூட்டி. என்னைக் கூப்பிட்டார்.

"கூடப் போ. ஒண்ணு விடாம போடுறாளான்னு பாரு. ஒண்ணு கொறஞ்சாலும் எனக்கு வந்து சொல்லணும்."

பிரேசர் டவுன் பிரவுசிங் சென்டரில் அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். தாளை என்னிடம் கொடுத்தாள். பேனாவையும் கொடுத்தாள்.

"கீழேருந்து படிடி. நான் போடப் போட டிக் அடி."

தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கீழே இருந்து படித்தேன். பதினோரு டிக். ரெண்டு தடவை எண்ணினேன். சாயங்காலம் பெரியப்பாவிடம், எல்லாம் இருக்கிறது என்று சொன்னேன். அக்காவை மிரட்டி வேலை வாங்கியது நானே என்பது போல நின்றேன்.

சீட் ஒதுக்கியபோது மைசூர் காலேஜே வந்தது.

பெரியப்பா யூனிஃபார்மோடு வந்து வாசலிலேயே கத்தினார். "கடைசில எழுதினது எப்படிடி வந்துச்சு? மேல இருந்ததெல்லாம் எங்க போச்சு?" என்னைப் பிடித்து இழுத்தார். "நீ என்னாடி பாத்த அங்க?"

"பதினொண்ணும் இருந்துச்சு."

"பொய் சொல்லாத."

"இருந்துச்சு."

கன்னத்தில் ஒரு அறை. நான் அழவில்லை. உள்ளே போய்த் தாளை எடுத்து வந்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"எண்ணிப் பாருங்க. என்ன இன்னொரு அறை அடிச்சாலும் பதினொண்ணுதான்."

அக்கா என்னைத் தன் பின்னால் தள்ளிவிட்டு அவர் எதிரே வந்தாள்.

"அவள எதுக்கு அடிக்கிறீங்க? நீங்க எழுதின ஸ்டாப் எல்லாத்துலயும்தான் நின்னுச்சு பெரியப்பா. பஸ்ஸு அந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சு, அவ்ளோதான்."

அம்மா இந்தத் தடவை அவள் வாயில் போடவில்லை. அப்பா சுவரைப் பார்த்தார். பெரியப்பா டீ குடிக்காமல் போய்விட்டார்.

அக்கா மைசூருக்குப் போனாள். நான் பெரியப்பாவோடு ஒரு வருஷம் பேசவில்லை. உண்மையைச் சொன்னதற்கு அடித்தார் என்ற கோபம்.

அக்கா பேனாவை ஏன் என் கையில் கொடுத்தாள் என்று மட்டும் எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.