லைஃப் சாரின் உண்மை உதாரணம்

என் அக்காவின் கணவரைத் தெருவே 'லைஃப் சார்' என்று அழைக்கிறது. அவருக்கு அதில் பெருமை. எனக்கோ அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

பார்த்த வேலை எதிலும் அத்தான் நிலைத்ததில்லை. மேலதிகாரிகள் எல்லாருக்கும் அறிவு மட்டு என்பது அவருடைய கண்டுபிடிப்பு. கடைசியில், தனக்கு மேலே யாருமே இல்லாத வேலையாகப் பார்த்து, வீட்டு முன்னறையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு தொடங்கினார். மற்றவர்கள் ஏ ஃபார் ஆப்பிள் என்று ஆரம்பிப்பார்களாம். இவர் ஆரம்பிப்பதே வாழ்க்கையிலிருந்துதான். லைஃப்ஸ்டைல் என்றால் வாழும் விதம். லைஃப்லாங் என்றால் ஆயுள் முழுக்க. காஸ்ட் ஆஃப் லிவிங் என்று சொல்லும்போது மட்டும், தினமும் மளிகைக்கடைக்குப் போய் நொந்தவர் போலப் பெருமூச்சு விடுவார். கடை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. லிவிங் ரூம் என்றால் வீட்டார் கூடி இருக்கும் அறை என்று அர்த்தம் சொல்வார். அதைச் சொல்லும் அறைக்குள் வீட்டார் யாரும் கால் வைக்கக் கூடாது.

வினையே அந்த அறையால்தான் வந்தது. அதன் ஜன்னலோரம் அக்காவின் தையல் மிஷின் இருந்தது. ஓட்டல் ஒன்றுக்குப் பணியாளர் சட்டைகள் தைத்துக் கொடுக்கிறாள். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான். "டகடகன்னு சத்தம் கேட்டா எனக்கு ஃப்ளோ போயிடுது" என்று சொல்லி, அத்தான் மிஷினைக் குளியலறைப் பக்கத்து நடைக்குத் தள்ளிவிட்டார். அங்கே பட்டப்பகலிலும் விளக்குப் போட வேண்டும். கறுப்புத் துணி, கறுப்பு நூல். காலர் கோணிப்போய் இரண்டு தடவை சட்டைகள் திரும்பி வந்தன. இன்னொரு தடவை இப்படி ஆனாலோ, சொன்ன நாள் தப்பினாலோ வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக ஓட்டல் மேனேஜர் சொல்லிவிட்டார்.

"அத்தான்கிட்ட சொல்ல வேண்டியதுதானே" என்றேன்.

"சொன்னேன்டா. அதுக்கும் இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை வெச்சிருக்காரு. அட்ஜஸ்ட்மென்ட்டாம்."

அவர் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. புது வார்த்தை வந்தால், ஒவ்வொருவரும் எழுந்து தன் வீட்டிலிருந்தே ஓர் உண்மை உதாரணம் சொல்ல வேண்டும். "பொய் உதாரணம் மனசுல நிக்காது" என்பார். அடுத்தவன் வீட்டு வம்பைக் கேட்க இதைவிடச் சுகமான வழி ஏது? மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, லைஃப் பார்ட்னர் என்ற வார்த்தைக்கு, தன்னை விட்டுப்போன கணவனைப் பற்றித் தட்டுத்தடுமாறிச் சொல்லி அழுதுவிட்டாள். "வெரி குட், டென்ஸ் கரெக்ட்" என்று அவளை உட்காரச் சொன்னார் இந்த மனிதர். அவர் கன்னத்தில் ஒன்று வைத்தால் என்ன என்று, அக்காவைப் பார்க்க வந்து நடையில் நின்றிருந்த எனக்குக் கை துறுதுறுத்தது. அக்கா முகத்துக்காக விட்டுவிட்டேன்.

பிறகு ஒருநாள், வகுப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்கப் புது ஆட்கள் வருவதாக இருந்தது. அக்கா சட்டைகளைக் கொடுக்க வேண்டியதும் அன்று மாலைதான். நடையில் பல்பு எரியவில்லை என்று என்னைக் கூப்பிட்டிருந்தாள். நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஒயர் வேலையும் கொஞ்சம் தெரியும். திறந்து பார்த்தால் சுவருக்குள் ஈரம் இறங்கி ஒயரே கெட்டிருந்தது. அன்றைக்குச் சரியாகிற கதை இல்லை.

"ஏங்க, ஜன்னல்கிட்ட ஓரமா உக்காந்து தச்சுக்கறேன். காலர் மட்டும்தான் பாக்கி" என்று அக்கா கெஞ்சாத குறையாகக் கேட்டாள்.

"இன்னிக்கா? வர்றவங்க என்னைப் பத்தி என்ன நெனைப்பாங்க? நாளைக்குக் குடு."

"நாளைக்கு அந்த வேலையே இருக்காதுங்க."

"எல்லாம் பார்ட் ஆஃப் லைஃப்" என்று சட்டையை இன் பண்ணிக்கொண்டு உள்ளே போனார்.

அன்றைய வார்த்தை லைவ்லிஹுட். பிழைப்பு என்று போர்டில் எழுதினார். வாட்ச்மேன் ஒருவர் கம்பெனி வாசலில் நிற்பதைச் சொன்னார். மருந்துக்கடைப் பெண் தன் வேலையைச் சொன்னாள், சொல்லிவிட்டு உட்காரவில்லை.

"சார், உங்க வீட்டு உதாரணத்தையும் சொல்லுங்க. புதுசா வந்தவங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு புரியும்."

அத்தான் தொண்டையைச் செருமினார். "என் டீச்சிங்தான். இந்த வீட்ல எல்லாருக்கும் சோறு போடறது அதுதான்."

நடை இருட்டில் தையல் தெரியாமல் துணியை மூக்கருகே வைத்துக்கொண்டிருந்த அக்கா அதைக் கேட்டாள். துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"தம்பி, அந்தப் பக்கம் பிடி."

இருவருமாக மிஷினைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குள் போனோம். நாற்காலிகள் விலகின. ஜன்னலோரம் இறக்கினோம். அக்கா யாரையும் பார்க்கவில்லை. உட்கார்ந்து, காலரை வைத்து, மிதிக்க ஆரம்பித்தாள். மருந்துக்கடைப் பெண் எழுந்துபோய்த் திரைச்சீலையை முழுக்க ஒதுக்கிவிட்டாள்.

அத்தானுக்கு வேர்த்தது. ஒழிந்தார் என்று நான் நினைத்தேன். ஆனால் எத்தனை தடவை விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஆள் அவர்.

"கவனிங்க. முதல்ல சொன்னது தப்பான உதாரணம். வேணும்னேதான் சொன்னேன். இதுதான் சரியான உதாரணம். நான்தான் வரச் சொன்னேன்" என்று மிஷினைக் கைகாட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தப் பெண் மட்டும் தட்டவில்லை.

சட்டைகள் அன்று மாலையே போயின. ஒன்றும் திரும்பி வரவில்லை. அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டதால் மிஷினை மறுபடி நடைக்குத் தள்ள அவருக்கு வழியில்லாமல் போயிற்று. புதிதாக யார் வந்தாலும் அதைக் காட்டி, தன் யோசனை என்று அளக்கிறார்.

"கேட்டியா அக்கா, வெக்கமே இல்லாம" என்றேன்.

"அவரு என்னத்தையோ சொல்லிட்டுப் போறாரு. வெளிச்சம் எனக்குத்தானே" என்றாள், நூல் பாபினை மாற்றிக்கொண்டே.

இப்போதெல்லாம் வகுப்பு நடக்கும்போது அவள் மிஷினை நிறுத்துவதில்லை. லைஃப் சார்தான் தொண்டை கிழியக் கத்திப் பாடம் நடத்துகிறார்.