வீட்டுக் கதவைக் கழற்றிய மத்தியானம்

வருஷக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிற பேத்திதான் அறுபதுகளின் கடைசி என்கிறாள். கல்யாணமாகி மூன்றாவது வருஷம். நரிக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கோடை. புல் பூண்டு இல்லை. எங்களுக்கு ஏழு ஆடுகள். வீட்டுக்காரர் தினமும் கண்மாய்க் கரை வேப்பமரத்தில் ஏறிக் குழை ஒடித்துப் போடுவார், நான் பொறுக்கிக் கட்டுவேன். அந்த ஏழில் ஒரு கறுப்பாடு, அதுபோல ஒரு தின்னிப்பண்டாரத்தை நான் பார்த்ததே இல்லை. அதைப் பேச ஆரம்பித்தால் இந்தக் கதை முடியாது.

அன்றைக்கு மத்தியானம் கிளை முறிந்து, அவர் மல்லாக்க விழுந்தார். கண் திறந்திருக்கிறது, பேச்சு வருகிறது, எழுந்திருக்க முடியவில்லை. நான் ஓடிப்போய்த் தலையைத் தூக்கி மடியில் வைக்கப் போனேன். எந்தப் பொண்டாட்டியும் அதைத்தானே செய்வாள்? அதற்குள் மாமியார், கொழுந்தனார், பக்கத்துக் காட்டு ஆட்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். விழுந்த ஆளை உடனே தூக்கி நிறுத்தி நாலு எட்டு நடக்க வைத்தால் பிடிப்பு விட்டுப்போகும் என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். கொழுந்தனார் அவர் கக்கத்தில் கை கொடுத்துவிட்டார்.

"விடுங்க அவர. யாரும் அசைக்காதீங்க" என்று ரோட்டுப் பக்கமிருந்து சத்தம். வெள்ளைச் சேலை கட்டிய ஒரு நர்ஸ் பொண்ணு. பக்கத்து ஊருக்குப் பிரசவம் பார்க்க வந்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றவள். என் வயசுதான் இருக்கும். விறுவிறுவென்று வந்தவள் மண்ணில் மண்டி போட்டு, அவர் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

என்னைப் பார்த்துச் சொன்னாள்: "மடியில வச்சா கழுத்து மடங்கும்க்கா. எலும்பு முறிஞ்சிருந்தா உள்ள ஓடுற நரம்பு நசுங்கிரும். அப்புறம் ஆயுசுக்கும் கால் வராது."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். அவர் கால் விரலைக் கிள்ளச் சொன்னாள், கிள்ளினேன். எந்த விரல் என்று அவரைக் கேட்டாள். "கட்டை வெரலு தாயி. ஆனா மதமதன்னு இருக்கு" என்றார். உணர்ச்சி இருக்கிறது, அது போகாமல் ஆஸ்பத்திரி சேர்க்கணும் என்றாள். கயிற்றுக் கட்டில் தொய்யும், அகலமான பலகை வேண்டும், வீட்டுக் கதவு இருக்கிறதா என்று கேட்டாள்.

மாமியார் சண்டைக்கு வந்துவிட்டார். "உசுரோட இருக்க புள்ளைய பலகையில கிடத்தி நாலு பேரு தூக்கிட்டுப் போறதா? ஏந்தாயி, நீ பிரசவம் பாக்க வந்தியா, எழவெடுக்க வந்தியா?"

"என்ன வேணாலும் திட்டுங்க ஆத்தா. கைய மட்டும் எடுக்க மாட்டேன்" என்றாள் அவள்.

மாமியார் பேச்சை நான் அதுவரை தட்டினதே கிடையாது. அன்றைக்குத் தட்டினேன். வீட்டுக்கு ஓடி, கதவை அதன் குடுமி நிற்கிற குழியிலிருந்து நெம்பித் தூக்கி, தலையில் வைத்துக்கொண்டு திரும்பி ஓடினேன். எங்கிருந்து பலம் வந்ததோ. வீடு திறந்து கிடக்க, கோழியெல்லாம் அடுப்படி வரை போயிருந்ததாம்.

அவர் தலையைப் பிடித்தபடியே அவள் ஒன்று, இரண்டு என்று எண்ண, நாங்கள் தோள், இடுப்பு, கால் என்று ஆளுக்கொரு இடம் பிடித்து, கட்டையைப் புரட்டுவதுபோல ஒரே நேரத்தில் ஒருக்களித்துப் புரட்டினோம். முதுகுக்கு அடியில் கதவைக் கொடுத்து, மெல்ல மல்லாத்தினோம். துண்டில் மணல் கட்டித் தலைக்கு இரண்டு பக்கமும் எங்களை அணை கொடுக்கச் சொன்னாள். குழை கட்டுகிற கயிற்றால் உடம்பைக் கதவோடு சேர்த்துக் கட்டினோம். இத்தனைக்கும் நடுவில் அந்தக் கறுப்பாடு ஒடித்த குழையை ஒற்றை ஆளாகத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது.

ரோட்டில் வந்த காலி லாரியை மறித்தோம். மாமியார் கடைசியாக ஒன்று கேட்டார். "காலு முன்னால போகக் கூடாது. பொணந்தான் அப்படிப் போகும்."

"தலையே முன்னால போகட்டும் ஆத்தா. நேரா இருந்தாப் போதும்" என்று அந்தப் பொண்ணு சிரித்துவிட்டாள். மாமியாரும் அதோடு அடங்கினார்.

அருப்புக்கோட்டை வரைக்கும் லாரி மாட்டு வண்டி மாதிரிதான் ஊர்ந்தது. தண்ணீர் தண்ணீர் என்று அவர் கேட்டார். படுத்த வாக்கில் குடித்தால் புரையேறும், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தாலும் ஆகாது என்று, நனைத்த துணியால் உதட்டை மட்டும் துடைக்கச் சொன்னாள். அவள் கை மரத்துப்போய்விட்டது. நான் பிடிக்கட்டுமா என்றேன். எப்படிப் பிடிப்பது என்று காட்டி, என் கையை அவள் கைக்குப் பக்கத்தில் பதிய வைத்த பிறகுதான் தன் கையை எடுத்தாள். திருச்சுழி தாண்டியதிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை நான்தான் பிடித்திருந்தேன்.

முதுகெலும்பு கீறல் விட்டிருந்தது. உட்கார வைத்திருந்தால் காலை மறந்திருக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். நான்கு மாசம் படுக்கை. ஐந்தாம் மாசம் சுவரைப் பிடித்து நடந்தார். அதற்கப்புறம் முப்பது வருஷம் ஆடு மேய்த்தார். மரம் ஏற மட்டும் நான் விடவில்லை. அந்தப் பொண்ணு பேரைக் கேட்காமலே விட்டுவிட்டேன். திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டாள்.

இப்போதும் யாராவது விழுந்தால், ஓடிப்போய் வாரி மடியில் போட என் கை பரபரக்கத்தான் செய்கிறது. அதை அடக்கிக்கொண்டு தலையை மட்டும் நேராகப் பிடித்து, கூட்டத்தைத் தள்ளி நில்லுங்கள் என்று அதட்டுகிற தைரியத்தை, பேர் தெரியாத அந்தப் பொண்ணு எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.